சிறுதொழிலின் ஊர் எதுவரை?

ஒரு சிறுதொழிலைத் தொடங்க முதல் எங்கிருந்து வந்தது என்று நம் ஊர்களில் விசாரித்தால் கிடைக்கும் பதில்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்: மனைவியின் நகை, மாமனார் கொடுத்தது, அண்ணனோடு கூட்டு, சீட்டு எடுத்த பணம், நூல் வியாபாரி தந்த தவணை, கடைசியாக வங்கிக் கடன். இந்த வரிசையில் வங்கியைத் தவிர மற்ற எல்லாமே உறவுதான். வங்கியிலும் ஜாமீன் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். அவர் பங்காளியாகவோ பக்கத்துக் கடைக்காரராகவோ இருப்பார். ஆகவே சிறுதொழிலுக்கு ஊரோடு நல்லுறவு வேண்டும் என்று நான் வந்து வலியுறுத்த வேண்டியதில்லை. அந்த உறவு இல்லாமல் சிறுதொழில் பிறப்பதே இல்லை. பிறக்கும்போது கைகொடுத்த அந்த உறவு, தொழில் வளர்ந்த பிறகு யாரையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரோடு உள்ள உறவு ஒரு தொழிலை நீண்ட காலம் தாங்க வேண்டுமானால், அது மனம்போனபடி கொடுக்கும் நன்கொடையாக இருந்தால் போதாது. எவ்வளவு, எப்போது, யார் கணக்குக் கேட்பது என்ற முறைமைக்குள் வர வேண்டும். அந்த முறைமைக்குள், தொழிலின் விளைவு யார்மேல் எல்லாம் படுகிறதோ அவர்கள் அனைவருக்கும் இடம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சிறுதொழில் வரலாறு முறைமைகளை உருவாக்குவதில் வியக்கத்தக்க திறமையைக் காட்டியிருக்கிறது. யாருக்கு இடம் என்பதில் திரும்பத் திரும்பத் தவறியிருக்கிறது. அதற்கான விலையைக் கடைசியில் தொழிலே கட்டியிருக்கிறது. கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுப்பதையும், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தொழில் நிலைப்பதையும் சாய்வதையும் தீர்மானிக்கும் உறவு அது அல்ல.

முறைமையிலிருந்து தொடங்குவோம். பழைய ராமநாதபுரச் சீமையின் வணிக ஊர்களான விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் ஆகியவற்றில் 19ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் உருவாக்கிய மகமை, சிறு வணிகர்களின் கூட்டு ஏற்பாடுகளில் நன்கு பதிவாகியுள்ள ஒன்று. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். பருத்தி, மிளகாய், புகையிலை, கருப்பட்டி என எந்தச் சரக்கு வந்தாலும் போனாலும் வியாபாரத்தின் அளவுக்கேற்ப ஒரு சிறு தொகை பொது நிதிக்குப் போகும். உறவின்முறை என்ற ஊர்ச் சமூக அமைப்பு அதை வசூலித்தது, கணக்கு வைத்தது, தராதவரைக் கேள்வி கேட்டது. அந்தப் பணத்தில் வண்டிகளும் சரக்கும் பாதுகாப்பாக இரவு தங்கப் பேட்டைகள் எழுந்தன. கிணறு, கோயில், பின்பு பள்ளி என்று அது விரிந்தது. விருதுநகரில் 1880களில் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலாவுக்காக வீடுதோறும் பிடி அரிசி எடுத்து வைத்ததும், காமராஜர் அந்தப் பள்ளியில் படித்ததும் நீங்கள் அறிந்தவை. இதில் கவனிக்க வேண்டியது வசூலின் அமைப்பு. பெரிய வியாபாரி அதிகம் கொடுத்தார், சிறியவர் குறைவாகக் கொடுத்தார். வியாபாரம் இல்லாத மாதத்தில் யாரும் கொடுக்க வேண்டியதில்லை. யாருடைய தாராள மனத்தையும் நம்பாமல், யாரையும் நொடிக்க வைக்காமல், நூறு சிறு வணிகர்கள் சேர்ந்து ஒரு பெரிய நிறுவனம் செய்யக்கூடியதைச் செய்தார்கள்.

அந்த ஏற்பாடு ஒரு சாதியின் எல்லைக்குள் பிறந்ததற்குக் காரணம் இருக்கிறது. பாதுகாப்பும் மதிப்பும் வெளியிலிருந்து கிடைக்காத சமூகம் தனக்குள் திரும்பித் தன்னைக் காத்துக்கொண்டது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த எல்லை எப்போது தளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கிய நிறுவனம் 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒரு சமூகத்தின் வைப்புத்தொகையையும் நம்பிக்கையையும் கொண்டு எழுந்த வங்கி, அந்தச் சமூகத்துக்கு வெளியே இருப்பவரும் நம் வாடிக்கையாளர் என்று பெயர்ப்பலகையிலேயே சொல்ல முன்வந்தது. பாதுகாப்புக்காகக் கட்டிய மதிலில் தாமாகவே வாசல் திறந்தவர்கள் அவர்கள். திருப்பூரில் நடந்தது வேறு கதை. அங்கே அந்த வாசலை நீதிமன்றம் திறக்க வேண்டியிருந்தது. இன்றைய பேச்சின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

திருப்பூரின் வளர்ச்சியைச் சில வரிகளில் சொல்லலாம். 1920களில் முளைத்த பனியன் தொழில், 1970களில் கொங்குக் கவுண்டர் உழவர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் பெருமளவில் உள்ளே நுழைந்த பிறகு வேகமெடுத்தது. 1985இல் ஊரின் ஏற்றுமதி 20 கோடி ரூபாயைத் தொடவில்லை. 2024-25 நிதியாண்டில் அது ஏறக்குறைய 40,000 கோடி. இதைச் சாதித்தது ஒரு பெருநிறுவனம் அல்ல. நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காம்பாக்டிங் ஒருவர், தையல் ஒருவர், பிரிண்டிங், எம்பிராய்டரி, செக்கிங், அயர்னிங் என்று ஒரு டி-சட்டை பத்துப் பட்டறைகளின் கைமாறி முடிகிறது. பத்தும் வெவ்வேறு முதலாளிகளுடையவை. பல சமயம் வாய் வார்த்தையில்தான் ஜாப் ஒர்க் போகிறது. சனிக்கிழமை சம்பளம் போட வேண்டும், பெரிய கம்பெனியிலிருந்து செக் இன்னும் வரவில்லை என்றால் பக்கத்துப் பட்டறையிலிருந்து கைமாற்று வாங்கித்தான் அந்த வாரம் ஓடும். இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் இத்தனை சிறு பட்டறைகள் சேர்ந்து ஒரு கப்பல் சரக்கை நாள் தவறாமல் அனுப்ப முடியாது. புவியியலாளர் ஷரத் சாரி இந்த ஊரைப் பற்றி எழுதிய நூலுக்குச் சகோதரத்துவ மூலதனம் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். மாமன், மச்சான், பங்காளி என்ற வலைதான் அங்கே கடன் தகவல் நிறுவனமாகவும் நீதிமன்றமாகவும் வேலை செய்தது.

அந்த வலையின் மறுபக்கத்தையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் திருப்பூர் ஆடை நிறுவனங்களை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஊரின் வலைக்குள் இருந்த கவுண்டர் முதலாளிகளையும், வெளியிலிருந்து வந்து தொழில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரே அளவு அனுபவம் உள்ளவர்களில், வலைக்குள் இருந்தவர்களிடம் முதலீடு கணிசமாக அதிகம். உற்பத்தியின் வளர்ச்சியிலோ வெளியாட்கள் வேகமாக முன்னேறினார்கள். சிறிதாகத் தொடங்கிச் சில ஆண்டுகளில் மற்றவரை எட்டிப் பிடித்தார்கள். உறவு காரணமாகப் பணம் எளிதாகக் கிடைத்தவரிடம் பணம் தேங்கியது. அதை இன்னும் நன்றாகப் பயன்படுத்தக்கூடியவருக்குப் போய்ச் சேரவில்லை. வலைக்குள் இருந்தவர்கள் சோம்பேறிகள் என்பது இதன் பொருள் அல்ல. உள்ளே இருப்பவருக்கு மட்டுமே திறக்கும் உறவு, உள்ளே இருப்பவரின் பணத்துக்கே குறைந்த பலனைத் தருகிறது என்பதுதான் பொருள். எல்லையைக் குறுக்கினால் நட்டம் வெளியே நிற்பவருக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஆய்வை நான் காட்டுவேன்.

இது பணத்தில் ஏற்பட்ட நட்டம். ஆற்றில் ஏற்பட்டது அதைவிடப் பெரிது. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் பக்கம் காவிரியில் கலக்கிறது. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். உப்பு இல்லாமல் சாயம் நூலில் ஏறாது. ஆனால் அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. ஆற்றில் சிவப்பும் நீலமும் ஓடியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். நிலத்தைக் கெடுத்தது கண்ணுக்குத் தெரியாத உப்பு. 1990களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் அழுக்கையும் ஓரளவு நீக்கின. கரைந்த உப்பை நீக்கும் வசதி அவற்றில் இல்லை. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குளமானது. தம் நிலத்துக்குத் தண்ணீர் வரும் என்று காத்திருந்த உழவர்களே அந்தத் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. கிணற்று நீர் உவர்த்தது, பயிர் கருகியது, ஆடுமாடு குடிக்க மறுத்தது. சுற்றுச்சூழல் இழப்பை மதிப்பிட அமைத்த ஆணையம் 2004இல் 68 கிராமங்களில் 28,000க்கும் மேற்பட்ட உழவர்களுக்கு ஏறக்குறைய 25 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று கணக்கிட்டது. ஆளுக்குப் பங்கிட்டால் சராசரி பத்தாயிரம் ரூபாய்கூட இல்லை. கெட்டுப்போன நிலத்துக்கு அது ஈடாகாது; ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் இத்தனை பேர் என்று எண்ணி எழுதிய ஆவணம் என்ற அளவில் அதற்கு மதிப்பு உண்டு.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்த ஆற்றுப் பாசன உழவர்கள், நீதிமன்றம் போனார்கள். 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் கெடு விதித்தது. 2009இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்து, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எட்டியாக வேண்டும் என்றது. அவகாசங்கள் நீண்டன, கெடுக்கள் தவறின. 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப்பட்டறைகள் அனைத்தையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. சாயம் நின்றால் நிட்டிங்குக்கு வேலை இல்லை, தையலுக்குத் துணி இல்லை. ஒன்றையொன்று சார்ந்த சங்கிலி முழுவதும் அசைந்தது. நூறு சிறு முதலாளிகள் வாய் வார்த்தையில் ஒருவரையொருவர் தாங்கிய அதே கட்டமைப்பு, ஒரு கண்ணி அறுந்ததும் எல்லோரையும் சேர்த்து இழுத்தது.

இங்கே ஒரு செய்தியை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சாதிக்குள் அடங்கிய உறவு சாதிக்கு வெளியே இருந்தவர்களைப் பாதித்தது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நொய்யலின் கீழ்மடையில் நிலம் இழந்தவர்களில் பலர் திருப்பூர் முதலாளிகளின் சொந்தச் சமூகத்தினர். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்த உறவு, ஆற்று நீர் விஷயத்தில் ஒரு மேசைக்கு இருபுறமும் உட்கார வைக்கவில்லை. ஏன்? தொழில் சம்பந்தமான எந்த முறைமையிலும் அந்த உழவருக்கு இடம் இல்லை. ஏற்றுமதியாளர்கள் 1990இல் சங்கம் கண்டார்கள். சாயப்பட்டறைக்குத் தனிச் சங்கம் இருந்தது. நிட்டிங்குக்கும், பிரிண்டிங்குக்கும் இருந்தன. ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினருக்கு நேர்மையாக உழைத்தது. ஆற்றின் கீழ்மடைக்காரர் எந்தச் சங்கத்தின் கூட்டத்துக்கும் அழைக்கப்படும் ஆள் அல்ல. இரத்த உறவு இருந்தது. கணக்குக் கேட்கும் உரிமை இல்லை. உறவு வேறு, முறைமை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றில் எனக்குத் தெரிந்து வேறில்லை. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் பட்டறைகள் தொடர்பான வழக்கில் 1996இலேயே உச்சநீதிமன்றம் மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநாட்டியிருந்தது. அந்தப் பாடம் அருகிலேயே இருந்தும் நொய்யலுக்கு வந்து சேரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். திருப்பூரைத் திருத்தியது நீதிமன்றமே தவிர உறவு அல்லவே. சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்தினால் போதும், உறவு, ஊர் என்ற பேச்செல்லாம் எதற்கு? நியாயமான கேள்வி. நீதிமன்றம் இல்லாவிட்டால் நொய்யல் இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்பதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீதிமன்றத்தால் மூட முடிந்தது. மறுபடி திறக்க வழி செய்தது எது என்று பாருங்கள். எதிர்ச் சவ்வூடு பரவல் இயந்திரமும், மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் இயந்திரமும் ஒரு சிறு சாயப்பட்டறை தனியாக வாங்கக்கூடிய விலையில் இல்லை. பட்டறைகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்தான் அந்தச் சுமையைத் தாங்கின. தமிழக அரசு வட்டியில்லாக் கடனாக ஏறக்குறைய 200 கோடி கொடுத்தது. அருள்புரம் நிலையத்தில் உப்புநீரைச் சுத்தம் செய்து அப்படியே மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை வெற்றி பெற்ற பிறகு, மற்ற நிலையங்களும் அந்த வழியில் வந்தன. கழிவு என்று ஆற்றில் விட்ட உப்பு திரும்ப வரும் சரக்கானது. எந்தப் பட்டறை எத்தனை லிட்டர் அனுப்பியதோ அதற்கேற்பக் கட்டணம். பெரியவருக்கு அதிகம், சிறியவருக்குக் குறைவு. விருதுநகர் மகமையை அறிந்தவருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சட்டம் எல்லையை வரைந்தது. அந்த எல்லைக்குள் பிழைக்க வழி தந்தது கூட்டு முறைமை. இரண்டில் ஒன்று போதும் என்பவர்கள் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்கள்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு வேறொரு துறையிலும் ஆதாரம் உண்டு. சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்குள் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் கூட்டு வட்டியும் உண்டு. ஆனால் ஆண்டு முழுதும் வேலை கொடுக்கும் பெரிய கம்பெனிமீது புகார் எழுதப் பத்து மிஷின் வைத்திருப்பவருக்குத் துணிவு வருமா? புகார் கொடுத்த மறுநாள் ஆர்டர் நின்றுவிடும். வருமான வரிச் சட்டத்தில் 2023இல் சேர்த்த பிரிவு, காலத்தில் பணம் தராத செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது என்று ஆக்கியது. அது வந்த பிறகு சில வாங்குவோர் 45 நாள் கட்டாயம் பொருந்தாத இடத்தில் சரக்கு எடுக்கலாமா என்று யோசித்ததையும் தொழில் வட்டாரத்தில் கேட்டோம். தனி ஆளாக நிற்பவரிடம் இருக்கும் உரிமை ஏட்டோடு நின்றுவிடுகிறது. அதே ஜாப் ஒர்க் பட்டறைகள் சங்கமாக நின்று, இந்தத் தேதிக்குள் பணம் தராதவருக்கு யாரும் அடுத்த லாட் எடுப்பதில்லை என்று முடிவெடுத்தால், அதே சட்டத்துக்குப் பல் முளைக்கும்.

இன்னொரு மறுப்பு செலவைப் பற்றியது; இதை எழுப்புபவர்கள் பெரும்பாலும் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்கள் என்பதால் நான் இதைப் பெரிதாக மதிக்கிறேன். ஒரு துண்டுக்குச் சில ரூபாய் லாபம் பார்க்கும் இடத்தில் ஆறு, உழவர், தொழிலாளர் என்று செலவைக் கூட்டினால், வங்கதேசத்துக்காரர் ஆர்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஐரோப்பியக் கம்பெனி தண்ணீர் சுத்தமா என்று படிவத்தில் கேட்கும். அதற்காக விலையில் ஒரு பைசா கூட்டித் தராது. இது உண்மை. சமூகப் பொறுப்புச் செலவை 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியதும் இந்த உண்மையை ஏற்றுக்கொண்டுதான். ஆனால் இந்த மறுப்பு தனித்தனி முதலாளியின் நல்ல மனத்தை நம்பும் ஏற்பாட்டுக்குத்தான் பொருந்தும். நல்லவர் செலவு செய்வார், பக்கத்துப் பட்டறை செய்யாது, நல்லவர் விலையில் தோற்பார். அதனால்தான் செலவு பொதுவாக, எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். 2011க்குப் பிறகு சாய வேலையின் ஒரு பகுதி கண்காணிப்புக் குறைந்த பக்கத்து மாவட்டங்களுக்கு நகர்ந்ததும் இதையே காட்டுகிறது: எல்லை ஊருக்கு மட்டும் போட்டால் மாசு எல்லையைத் தாண்டிக் குதிக்கும், நேர்மையாகக் கட்டணம் கட்டும் திருப்பூர்ப் பட்டறை ஏமாளியாகும். முறைமை ஆற்றுப்படுகை முழுவதற்கும் வேண்டும். செலவு செய்யாமல் இருந்தால் செலவே இல்லை என்பதும் தவறு. 2011இல் நின்ற மிஷின்களும், போன ஆர்டர்களும், ஊர் திரும்பிய தொழிலாளர்களும் யாருடைய கணக்குப் புத்தகத்திலும் ஆற்றுக்கான செலவு என்று எழுதப்படவில்லை. ஆனால் அது ஆற்றுக்கான செலவுதான், காலம் தாழ்த்திக் கட்டியது.

தொழிலாளர் பக்கம் வருகிறேன். திருப்பூரில் 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. முதலாளிகளில் பலர் ஒரு தலைமுறைக்கு முன் தாமே மிஷினில் உட்கார்ந்தவர்கள். உழைப்பால் உயர்ந்தவர் என்பதே அவர்களது பெருமை. அந்த நெருக்கம் நீண்ட போராட்டத்தின் பிறகு குறைந்தது. வேலை ஒப்பந்தக்காரர் வழியாகவும், சிறு பட்டறைகளாகப் பிரித்தும் நடக்கத் தொடங்கியது. தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து போடும் சம்பள ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. அதை நான் ஊரின் பெரிய சொத்தாகக் கருதுகிறேன். ஆனால் இன்று மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் ஏராளமானோர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள். அந்த ஒப்பந்த மேசையில் அவர்கள் குரல் எவ்வளவு ஒலிக்கிறது? 2020 ஊரடங்கில் அவர்கள் ஊர் திரும்பியபோது, திரும்ப அழைத்துவரப் பேருந்தும் விமானமும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் இந்தியில் அறிவிப்புச் செய்து, உதவி எண்கள் கொடுத்து, முதலாளிகள் விடுதிவிடுதியாகப் போய்ப் பேசித்தான் பீதி தணிந்தது. ஒப்பந்தக்காரர் வழியாக மட்டுமே அறிந்த தொழிலாளியிடம் நெருக்கடி நாளில் சொல்ல முதலாளியிடம் நம்பத்தக்க வார்த்தை எதுவும் இருப்பதில்லை. அந்த வார்த்தை முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியது: சுத்தமான விடுதி, ரேஷன், பிள்ளைக்குப் பள்ளி, ஊதியச் சீட்டு, புகார் சொல்ல அவர்கள் மொழியில் ஓர் ஆள்.

சாதி வழியான உறவை வைத்துக்கொண்டு சமூக நல்லுறவு பேசலாமா, அது பழைய கட்டுகளை மறுபடி இறுக்காதா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு அடிப்படையில் உடன்பாடு. ஒரு தொழிலின் கூட்டு முறைமையில் இடம் பெறுவதற்கு உரிய தகுதி பிறப்பாக இருக்கக்கூடாது. அந்தத் தொழிலோடு உள்ள தொடர்பாக இருக்க வேண்டும். பானர்ஜியும் முன்ஷியும் காட்டியதுபோல் பிறப்பை வைத்துப் பணம் பகிர்வது தொழிலுக்கே நட்டம். ஆனால் உறவின்முறையும் பங்காளி வலையும் கற்றுத் தந்த செயல்திறன், அதாவது சிறு தொகையை ஒழுங்காக வசூலிப்பது, கணக்கைப் பொதுவில் வாசிப்பது, தவறியவரை நேரில் கேட்பது, இவை பிறப்போடு ஒட்டியவை அல்ல. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் பங்குதாரர் பட்டியலில் யாரும் சாதி பார்த்துச் சேர்க்கவில்லை. லிட்டர் பார்த்துத்தான் சேர்த்தார்கள். 2005இல் இயங்கத் தொடங்கிய திருப்பூர்க் குடிநீர்த் திட்டமும் அப்படித்தான்: காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திறனோடு அமைத்த அந்தத் திட்டத்தில், தொழிற்சாலைகள் கூடுதல் விலை கொடுத்து வாங்க, நகருக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் நீர் போனது. அதற்கு முன் சுற்றுவட்டாரக் கிணறுகளை உறிஞ்சிய தண்ணீர் லாரிகளைத்தான் தொழில் நம்பியிருந்தது. 2015இல் தொடங்கிய வனத்துக்குள் திருப்பூர் இயக்கம் லட்சக்கணக்கில் மரக்கன்றுகளை நட்டு வளர்த்திருப்பதையும் இந்த வரிசையில் மகிழ்ச்சியோடு சொல்கிறேன். ஆனால் மரம் நடுவதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. நீரைப் பகிர்வதற்குத் தேவை. கடினமான உறவு அதுதான், தொழிலைக் காக்கும் உறவும் அதுதான்.

ஆகவே இங்கே கூடியிருக்கும் சிறுதொழில் முனைவோரிடமும் சங்கப் பொறுப்பாளர்களிடமும் நான் கேட்பது நடைமுறை சார்ந்த சில மாற்றங்களை. தைத்து வெளியேறும் ஆடை ஒன்றுக்குப் பத்துப் பைசா என்று சங்கங்கள் ஒத்துக்கொண்டால், ஒரு கோடி ஆடைக்குப் பத்து லட்சம் சேரும். எந்த முதலாளியின் விலைப்புள்ளியும் அதனால் மாறாது. அந்த நிதியின் நிர்வாகக் குழுவில் முதலாளிகள் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. மீதி இடங்கள் தொழிற்சங்கத்துக்கும், வெளிமாநிலத் தொழிலாளருக்கும், கீழ்மடை உழவருக்கும் உரியவை. முதல் செலவு தொழிலாளர் விடுதிக்கா, ஆற்றுக்கா என்பதை அந்தக் குழுவே முடிவுசெய்யட்டும். அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சுக்கு இந்தியும் ஒடியாவும் தெரிந்த தொழிலாளர் பிரதிநிதிகளை அழைக்க எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். அழைப்புக் கடிதம் போதும். சாயப்பட்டறைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், நொய்யலின் மூன்று நான்கு இடங்களிலும் ஒரத்துப்பாளையத்திலும் எடுத்த நீரின் உப்பளவு முதல் பொருளாக வாசிக்கப்பட வேண்டும். மாதிரி எடுக்கும் வேலையும் வாசிக்கும் வேலையும் அந்த நீரைப் பயன்படுத்த வேண்டிய கிராமத்தாருடையதாக இருக்கட்டும். அளவு கூடிய மாதத்தில் எந்த நிலையம், எந்தப் பட்டறை என்று அங்கேயே கேட்கட்டும்; பதிலும் அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டிலேயே பதிவாகட்டும். மழைக்காலத்தில் நொய்யலில் நுரை பொங்கும் செய்திகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. ஆகையால் இதை வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.